1/72 ஸ்பிட்ஃபயருக்கு வண்ணம் பூசுவது எப்படி: புட்டி வாங்குவது முதல் கடைசி டேப்பை உரிப்பது வரை

மேசையில் இருக்கும் 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) மாடலை நாம் வழக்கமாக 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்போம். அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 21.6 மீட்டர் வரும். ஒரு நிஜ விமானத்தை இருபது மீட்டருக்கும் அப்பால் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் மாடலிலும் தெரிய வேண்டும். டெல்லி பாலத்தில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்றை முதலில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். ரிவெட், தகட்டு இணைப்பு, கீறல் எல்லாம் கண்ணில் பட்டன. பிறகு முடிந்தவரை பின்னால் போய் நின்றேன். ரிவெட்டுகள் காணாமல் போயின, தகட்டுக் கோடுகள் மங்கின. அதுவரை நான் கட்டியிருந்த மாடல்கள் ஏன் பொம்மை மாதிரி இருந்தன என்பது அன்றுதான் புரிந்தது. நிறத் தேர்வு, வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணம்), பளபளப்பு என்று இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் முடிவுகள் பெரும்பாலும் அந்த 21 மீட்டரிலிருந்து வந்தவை.

பொதுவாகப் பேசினால் கைக்கு ஒன்றும் தேறாது. அதனால் ஒரே கிட்டை (ஒட்டிக் கட்டும் பாகங்கள் கொண்ட மாடல் பெட்டி) எடுத்துக்கொள்கிறேன்: ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1940 ஆகஸ்ட். ஏர்ஃபிக்ஸ் 1953-லேயே இந்த விமானத்தை 1/72-இல் கொண்டுவந்தது. இன்றும் பல நிறுவனங்களின் கிட்கள் எளிதில் கிடைக்கின்றன. இறக்கை நீளம் 15.6 செ.மீ., உடல் 12.7 செ.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். படையணியாக நான் தேர்ந்தெடுப்பது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆவது ஸ்குவாட்ரன். அதன் முழுப்பெயர் '234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்'. போருக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து திரண்டு போன நிதியை ஒட்டி வந்த பெயர் அது. 1940 ஆகஸ்டில் இந்த அணி தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்கு வந்து அங்கிருந்து பறந்தது. உடலில் எழுதப்பட்ட குறியெழுத்து 'ஏஇஸட்'. சென்னையின் பெயரைத் தாங்கிய விமானத்துக்கு நம் மேசையில் வண்ணம் பூசுவதில் எனக்கு ஒரு தனி நிறைவு உண்டு.

வண்ணப் புட்டி வாங்கும் முன் தேதியை முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து நிறம் வாங்குகிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதமும் வருடமும்தான். 1940 ஜூனுக்கு முன் என்றால் ஸ்பிட்ஃபயரின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஜூனில் அது 'ஸ்கை' என்னும் வெளிர்பச்சை கலந்த நிறத்துக்கு மாறியது. அந்த ஆண்டின் இறுதியில் வாலருகே ஸ்கை பட்டையும், மூக்குக்கூம்புக்கு ஸ்கை நிறமும் வந்தன. 1941 ஆகஸ்டில் மேற்புறத்தின் மண் நிறம் போய்ச் சாம்பல் வந்தது. ஆகவே நம் ஆகஸ்ட் 1940 விமானத்துக்கு மேலே டார்க் எர்த்தும் டார்க் கிரீனும், அடியில் ஸ்கை, மூக்குக்கூம்பு கறுப்பு. வாலில் பட்டை கிடையாது. கிட்டோடு வரும் டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாளில் அந்தப் பட்டை இருந்தாலும் ஒட்டாதீர்கள்.

ஸ்கை நிறம் பற்றி ஒரு வார்த்தை. திடீரென உத்தரவு வந்ததால் சரியான வண்ணம் எல்லாத் தளங்களுக்கும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. கையிலிருந்ததைக் கலந்து அடித்தார்கள். சில விமானங்களின் அடிப்பக்கம் நீலமாகவும் சில பச்சையாகவும் இருந்தன. எனவே உங்கள் ஸ்கை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

ஹம்ப்ரால் நிறுவனத்தின் வண்ண வரிசையில் டார்க் எர்த் 29, டார்க் கிரீன் 30, ஸ்கைக்கு 90, காக்பிட் (விமானி அமரும் இடம்) உட்புறத்துக்கு 78. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக்கில் முதல் மூன்றுக்கும் அதே வரிசையில் எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-21. இவற்றில் எக்ஸ்எஃப்-21 என் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் சரியாகிவிடும்.

இப்போது அந்த 21 மீட்டருக்கு வருவோம். தூரம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்கிறது. புட்டியில் இருப்பது நிஜ விமானத்தின் மேல் பூசிய நிறத்துக்கு நிகரானது என்றால், அதை அப்படியே மாடலில் பூசும்போது அடர்த்தியாகத் தெரியும். 1/72-க்கு ஏறக்குறைய 15 விழுக்காடு வெளிறச் செய்வது மாடல் கட்டுபவர்களின் பழைய கணக்கு: 20 துளி வண்ணத்துக்கு 3 துளி வெளிர் நிறம். ஆனால் வெள்ளையை எல்லாவற்றிலும் கலக்காதீர்கள். மண் நிறத்தில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு அடித்தது போல ஆகும், பச்சையில் கலந்தால் புதினாச் சட்னி நிறம் வரும். இரண்டுக்குமே டாமியாவின் எக்ஸ்எஃப்-57 பஃப், அதாவது வெளிர் மணல் நிறம், நன்றாக ஒத்துப்போகிறது. இரண்டிலும் ஒரே நிறத்தைக் கலப்பதால் மண்ணும் பச்சையும் ஒரே வெயிலில் காய்ந்தவை போல ஒட்டி நிற்கும். கறுப்புக்கும் இதே நியாயம்தான். டயர், மூக்குக்கூம்பு, சுழலிறகு எதற்கும் முழுக் கறுப்பு வேண்டாம், கருஞ்சாம்பல் போதும்.

கலந்த நிறத்தை நேராக மாடலில் பூசாமல், பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் பூசிக் காயவிட்டு, காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் டார்க் எர்த் செங்கல் போலத் தெரியும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. என் மேசை இழுப்பறையில் இப்படிப்பட்ட ஸ்பூன்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் காம்பிலும் எத்தனை துளி கலந்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த வகை வண்ணம்

மூன்று குடும்பங்கள் உண்டு. எனாமல் மெதுவாகக் காயும், பிரஷ் தடம் தானே சமனாகிவிடும், ஆனால் அடுத்த கோட்டுக்கு (பூச்சுக்கு) ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். லாக்கர் மெல்லிய படலமாகப் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும், சீக்கிரம் காயும், நெடி கடுமையானது. அக்ரிலிக்கில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயேஹோ போன்றவை தண்ணீரில் கரைபவை, பிரஷ்ஷுக்கு அருமையானவை. டாமியாவின் அக்ரிலிக் ஆல்கஹால் கலந்தது. காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் பிரமாதமாக வரும், பிரஷ்ஷில் பூசினால் அடுத்த கோட் முந்தைய கோட்டைக் கரைத்து இழுத்துவிடும். வயேஹோவை ஆல்கஹால் உள்ள தின்னரில் கலக்கவே கூடாது. தயிர் போலத் திரிந்து ஏர்பிரஷ்ஷின் மூக்கை அடைத்துவிடும். அந்தந்த நிறுவனத்தின் தின்னரையே பயன்படுத்துங்கள்.

லாக்கரும் எனாமலும் அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கரிம ஆவிகளை வடிகட்டும் மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க் தூசியை மட்டுமே தடுக்கும். குழந்தைகள் நடமாடும் வீடென்றால் தண்ணீர் அக்ரிலிக்கோடு நின்றுகொள்வதே என் யோசனை.

கழுவுதல், காக்பிட், பிரைமர்

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் பிரிய இடும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் வண்ணம் டேப்போடு சேர்ந்து உரிந்து வரும்.

உடலை ஒட்டும் முன் காக்பிட்டை முடிக்க வேண்டும். சாம்பல்பச்சை அடித்தளம், கருவிப் பலகை கருஞ்சாம்பல், இருக்கைப் பட்டைகள் வெளிர் காக்கி. பிறகு அடித்தளத்தைவிட வெளிறிய நிறத்தைப் பிரஷ்ஷில் எடுத்து, காகிதத்தில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் லேசாகத் தேய்த்தால் விளிம்புகள் எழுந்து நிற்கும். இதுதான் ட்ரை பிரஷ். மூடிய கண்ணாடிக்குள் 1/72 காக்பிட்டில் இதற்கு மேல் எதுவும் தெரியாது. ஒரு மாலை நேரம் போதும்.

ஒட்டிய இணைப்புகளை இடைவெளி அடைக்கும் பசைக்களிம்பு (putty) வைத்து நிரப்பி 400, 600, 1000 என்று படிப்படியாக நயமான உப்புத்தாளால் தேய்த்த பின் சாம்பல் பிரைமர். மிஸ்டர் சர்ஃபேஸர் 1000 எனக்குப் பழகிய ஒன்று. பிரைமர் வண்ணத்துக்குப் பிடிமானம் தருவதோடு, தேய்ப்பில் விட்டுப்போன கோடுகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும். குறை தெரிந்தால் திரும்பப் போய்ச் சரிசெய்யுங்கள். மேலே வரும் வண்ணம் அதை மறைக்காது.

ஏர்பிரஷ்ஷில் பூசுவது

0.3 மி.மீ. முனை, 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம், டாமியா அக்ரிலிக் என்றால் ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தின்னர். நம் ஊர் வெயிலில் வண்ணம் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகப் படியும். அப்போது தின்னரை ஒன்றரைப் பங்காக்கி, உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை இரண்டு துளி விடுங்கள். கலவையைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் பால் போல வழிந்து மெல்லிய படலம் விட வேண்டும்.

வெளிர் நிறம் முதலில். அடிப்பக்கம் முழுக்க ஸ்கை அடியுங்கள். முதல் கோட் பிரைமர் தெரியும்படி பனி போல இருக்கட்டும். ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் ஓரங்களில் வழிந்து தேங்கும், கிட்டின் நுண்ணிய செதுக்கல்கள் அடைபட்டுப் போகும்.

ஒரு நாள் காய்ந்த பிறகு அடிப்பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். டேப்பை ஒருமுறை புறங்கையில் ஒட்டி எடுத்தால் பசை அளவாகக் குறையும். மேலே முதலில் டார்க் எர்த் முழுவதும். அது காய்ந்ததும் பச்சைத் திட்டுகள். இந்தத் திட்டுகள் இஷ்டப்படி போட்டவை அல்ல. தொழிற்சாலையில் ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் இருந்தன, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்து எது என்று உறுதிசெய்யுங்கள். பிறகு கிட் விளக்கத் தாளில் உள்ள வரைபடத்தை, இறக்கை நீளம் 15.6 செ.மீ. வரும்படி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்குங்கள். அதன் பச்சைப் பகுதிகளை வெட்டி எடுத்தால் மீதித் தாளே மாஸ்க் ஆகிவிடும்.

திட்டின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? நிஜ விமானத்தில் ஓரம் ஓர் அங்குலம் கலந்திருந்தாலும் 72-ஆல் வகுத்தால் 0.35 மி.மீ.தான். கண்ணுக்கு அது ஏறக்குறைய நேர்க்கோடு. பல மாடல்களில் காணும் புகைபோன்ற அகலமான ஓரம் ஸ்பிட்ஃபயருக்குப் பொருந்தாது. போஸ்டர் ஒட்டும் பசைக்களிம்பை 2 மி.மீ. தடிமன் திரியாக உருட்டி ஓரத்தில் வைத்து, உள்ளே காகித மாஸ்க்கை நிரப்புங்கள். ஏர்பிரஷ்ஷை நேர்மேலிருந்து செங்குத்தாகப் பிடித்து அடித்தால் அந்த மெல்லிய கலப்பு சரியாகக் கிடைக்கும். சாய்த்துப் பிடித்தால் திரிக்குக் கீழே நிறம் புகுந்து ஓரம் கலங்கிவிடும்.

ஏர்பிரஷ் இல்லையென்றால்

தயங்க வேண்டாம். இந்த அளவில் பிரஷ்ஷாலேயே மிக நேர்த்தியாக முடிக்க முடியும். 6 மி.மீ. அகலமுள்ள தட்டையான செயற்கை இழைப் பிரஷ் ஒன்றும், தண்ணீர் அக்ரிலிக்கும் போதும். நம் ஊரில் தட்டில் ஊற்றிய வண்ணம் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். அதற்கு ஒரு டிபன் பாக்ஸில் நனைத்த டிஷ்யூவை நாலாக மடித்து வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, வண்ணத்தை அதன் மேல் கலந்துகொள்ளுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் கெடாமல் இருக்கும்.

முதல் கோட் பார்க்கப் பரிதாபமாக, திட்டுத்திட்டாக இருக்கும். இருக்கட்டும். பாதி காய்ந்த இடத்தை மீண்டும் தொடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பிரஷ் பட்டதும் அந்தப் படலம் பிய்ந்து சுருளும். அரை மணி நேரம் விட்டு, முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் அடுத்தது. நான்காவது கோட்டில் நிறம் சமமாகிவிடும். கடைசிக் கோட்டை மட்டும் இறக்கையில் முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையில் இழுங்கள். லேசான தடம் மிஞ்சினாலும் அது இயல்பாகத் தெரியும்.

பளபளப்பும் டீக்காலும்

மேட் (பளபளப்பில்லாத) வண்ணத்தின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம் கொண்டது. அதன் மேல் டீக்காலை வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கி, காய்ந்ததும் படலம் வெள்ளி போல மின்னும். அதனால்தான் டீக்காலுக்கு முன் பளபளப்பான அக்ரிலிக் கிளாஸ் (gloss) வார்னிஷ் அடிக்கிறோம். இரண்டு மெல்லிய கோட் அடித்து ஒரு இரவு விடுங்கள்.

டீக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து விநாடி நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் ஈரத் துணி மேல் வையுங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டீக்கால் பிடிக்க உதவும் திரவம்) தடவி, காகிதத்திலிருந்து நகர்த்தி இறக்கி, ஈரமான பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீரை ஒற்றி எடுங்கள். இடம் சரியானதும் மேலே மைக்ரோ சால் (டீக்காலை இளக்கும் திரவம்). உடனே டீக்கால் சுருங்கிக் கிழவியின் கை போல ஆகும். அப்போது தொட்டால் கிழிந்துவிடும். அரை மணி நேரத்தில் தானே படிந்து, தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். எங்காவது வெள்ளி மின்னினால் ஊசியால் நாலு புள்ளி குத்தி மீண்டும் மைக்ரோ சால் விடுங்கள்.

வட்டச் சின்னங்களில் கவனம் தேவை. உடலில் மஞ்சள் வெளிவளையம் உள்ளது, இறக்கையின் மேலே சிவப்பும் நீலமும் மட்டும்.

வாஷும் அழுக்கும்

இங்கேதான் அந்த 21 மீட்டரை அதிகமாக மறக்கிறார்கள். கிட்டின் தகட்டுக் கோடு 0.2 மி.மீ. அகலம் என்று வையுங்கள். அதை 72-ஆல் பெருக்கினால் 14 மி.மீ., நிஜ விமானத்தில் விரல் நுழையும் பள்ளம் அது! அதில் கறுப்பை நிரப்பினால் விமானம் கட்டம் போட்ட லுங்கி உடுத்தியது போலாகும். என் முதல் ஐந்தாறு மாடல்கள் அப்படித்தான் இருந்தன. இப்போது அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த நிறம் பயன்படுத்துகிறேன். ஸ்கைக்கு நடுச்சாம்பல், மண்ணுக்கும் பச்சைக்கும் கரும்பழுப்பு. இறக்கையின் அசையும் பகுதிகள், வால் சுக்கான் போன்ற இடங்களில் நிஜமாகவே இடைவெளி உண்டு. அங்கே மட்டும் இன்னும் அடர்த்தியாக விடலாம்.

வாஷ் செய்ய, ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் பட்டாணியளவு எடுத்து எனாமல் தின்னரில் நீர்க்கக் கரையுங்கள். அடியில் அக்ரிலிக் வார்னிஷ் இருப்பதால் இந்தத் தின்னர் அதைக் கரைக்காது. எனாமல் பூசிய மாடலின் மேல் வார்னிஷ் இல்லாமல் இதைச் செய்தால் வண்ணமே போய்விடும். நுனி கூரான பிரஷ்ஷால் கோட்டைத் தொட்டால் திரவம் தானே ஓடும். இருபது நிமிடம் கழித்து, தின்னர் லேசாகத் தொட்ட துணியால் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள்.

வண்ணம் பெயர்ந்து உலோகம் தெரியும் இடங்களை எண்ணி எண்ணி வைக்க வேண்டும். அரை மி.மீ. வெள்ளிப் புள்ளி நிஜத்தில் 36 மி.மீ. ஓட்டை. விமானி ஏறும் கதவு இடப்பக்கம் இருப்பதால் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேற்புறத்தில்தான் பூட்ஸ் பட்டு வண்ணம் தேய்ந்திருக்கும். அங்கே ஸ்பாஞ்ச் துண்டின் நுனியால் சில புள்ளிகள் ஒற்றியதும் நிறுத்திவிடுங்கள். வெள்ளியோடு கொஞ்சம் சாம்பல் கலந்தால் மினுக்கல் அடங்கும்.

மார்க் 1-இல் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். குளிரும் தூசியும் புகாமல் இறக்கையின் முன்விளிம்பில் அவற்றின் வாய்களைச் சிவப்பு நிறத் துணியால் ஒட்டி மூடினார்கள். சுட்டதும் துணி கிழியும், புகை இறக்கையின் அடியில் பின்னோக்கி இழுபடும். எனவே ஒன்று, சிவப்புத் துணி முழுதாக இருக்கட்டும், அடியில் கரி வேண்டாம். அல்லது துணி கிழிந்து கரி படிந்திருக்கட்டும். துணியும் முழுதாக, கரியும் நிறைய என்று செய்தால் கதை பொருந்தாது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். 1940 ஆகஸ்ட் கடைசியில் அந்த அணி சண்டையின் நடுவில் இருந்தது. கரிக்கும் எஞ்சின் புகைக்கும் சாக்பீஸ் வகைப் பாஸ்டலைக் கத்தியால் சுரண்டிய பொடி போதும். பழுப்பும் சாம்பலும் கலந்து, மென்பிரஷ்ஷால் புகைக்குழாய்களிலிருந்து பின்னோக்கித் தட்டுங்கள்.

கடைசி வார்னிஷ், கண்ணாடி

முழு மேட் அடித்தால் நிறம் உயிரற்றுப் போகிறது. மேட்டில் கால் பங்கு கிளாஸ் கலந்து அடிப்பேன். மழைக்காலத்தில் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒரு ஐப்பசி மாலையில், வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது லாக்கர் மேட் வார்னிஷ் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் மூன்று வார வேலையின் மேல் வெண்பனி படர்ந்தது. ஈரக்காற்றின் நீர் படலத்துக்குள் சிக்கிக்கொள்வதால் வருவது அது. அழுதுவிடலாம் போலிருந்தது. இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருந்து, அதே வகை கிளாஸ் வார்னிஷை மெல்லியதாக மேலே அடித்தபோது வெண்மை கரைந்து நிறம் திரும்பியது. அன்றிலிருந்து மழை நாளில் வார்னிஷ் புட்டியைத் திறப்பதில்லை.

காக்பிட் கண்ணாடியை ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போன்ற பசையே சரி. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை மங்கலாக்கிவிடும். சட்டங்களுக்கு இடையே டேப்பை ஒட்டிப் புதிய பிளேடால் விளிம்போடு அறுத்து, முதலில் உட்புறச் சாம்பல்பச்சையையும் அதன் மேல் வெளிநிறத்தையும் அடியுங்கள். உள்ளேயிருந்து பார்க்கும்போது சட்டம் காக்பிட்டின் நிறத்தில் தெரியும். எல்லா வார்னிஷும் முடிந்து ஒரு நாள் ஆன பிறகே டேப்பை எடுக்க வேண்டும். மூலையில் மரப் பல்குச்சியால் நெம்பி, மேல்நோக்கி இழுக்காமல் டேப்பை அதன் மேலேயே மடித்து மெதுவாக உரியுங்கள். ஓரத்தில் வண்ணம் சிறிது கசிந்திருந்தால் அதே பல்குச்சியைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டினால் போய்விடும், கண்ணாடியில் கீறல் விழாது.